மூலையில் நிற்பவர்

தஞ்சைத் தரணியில் வாதத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்குமா, திறக்காதா என்று ஒரு வாதம். நேரடி விதைப்பா, நடவா என்று ஒரு வாதம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்தை எவ்வளவு வரை ஏற்பார்கள் என்று மற்றொரு வாதம். இவையெல்லாம் வயிற்றோடு தொடர்புடையவை. சம்பாவும் தாளடியும் அறுத்து வயல் காலியான பின், தை, மாசி மாதங்களில், வயிற்றோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொரு வாதம் எம் பக்கத்து ஊர்களில் கிளம்பிவிடுகிறது. இந்தியக் கபடி அணியில் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூலையில் நின்றவர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே அது.

பாடிச் செல்பவர்களைப் பற்றி இவ்வளவு வாதம் எழுவதில்லை. அனுப் குமார், அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், பவன் செராவத் என்று பெயர்களை அடுக்கலாம். யார் எத்தனை பேரைத் தொட்டுத் திரும்பினார் என்று எண்ணிவிடலாம். எண்ணியபின் வாதம் தானாகவே அடங்கிவிடும். மூலையில் நிற்பவர் கதை வேறு. அவர் செய்ததை எண்ணலாம். அவர் நின்றதால் எதிரி செய்யாமல் விட்டதை எப்படி எண்ணுவது? நியூசிலாந்து நாட்டில் ரக்பி ரசிகர்கள் தங்கள் அணியின் ஒன்பதாம் எண் சட்டைக்காரரைப் பற்றி இப்படித்தான் ஓயாமல் வழக்காடுவார்களாம். நெரிசலுக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர் அவர். ஓடிப் போய்ப் புள்ளி வைப்பவர் வேறொருவர். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளரைப் பற்றிய சண்டையும் அந்த வகையே. கண்ணுக்கு எளிதில் அகப்படாத வேலையைச் செய்பவரைப் பற்றித்தான் மனிதர் அதிகம் சண்டையிடுகிறார்கள் போலும்.

இந்த வாதத்தில் எமக்கும் ஓர் இடம் உண்டு. சுற்றுவட்டாரப் பந்தயங்களில் நாம் நெடுங்காலமாகக் கோட்டு நடுவராக நின்று வருகிறோம். கோட்டு நடுவருக்குக் களத்தின் கடைசிக் கோட்டருகே இடம். கூட்டம் பாடி வருபவனின் முகத்தைப் பார்க்கும். எமக்குத் தெரிவது தடுப்பவர்களின் முதுகும் குதிகாலும். அதிலும் மூலைக்காரனின் குதிகால் எமக்கு ஒரு முழத் தொலைவுதான். அவன் எப்போது முன்பாதத்துக்கு உடல் பாரத்தை மாற்றுகிறான், எப்போது பொய்யாக அசைகிறான், எப்போது பயப்படுகிறான் என்பதைப் பார்த்துப் பார்த்தே எம் தலை நரைத்தது.

சென்ற ஆண்டு மாசியில், எம் பங்கின் மைதானத்தில் நடந்த இரவுப் பந்தயத்தின் நடுவே மின்சாரம் நின்றது. முக்கால் மணி நேரம் இருட்டு. தேநீர்க்கடைப் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடையே வாதம் பற்றிக்கொண்டது. அறுவடை இயந்திரம் ஓட்டும் அன்பர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"சேரலாதன் அண்ணனை விட்டுட்டு வேற எவன் பேரைச் சொன்னாலும் அது நம்ம மண்ணுக்குத் துரோகம்."

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருட்டுக்குள்ளிருந்து சொன்னார்: "மண்ணுக்குத் துரோகம் கிடக்கட்டும் தம்பி. கண்ணுக்குத் துரோகம் பண்ணாதே."

வாதம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது என்று எமக்குத் தோன்றியது. ஆனாலும் முக்கால் மணி நேரம் போக வேண்டுமே.

மூலை என்றால் என்ன என்பதைக் கபடி அறியாத வாசகருக்கு முதலில் சொல்லிவிடுவோம். களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டால் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாடி வருபவருக்கு ஒரு மூச்சு, 30 விநாடி. தடுக்கும் எழுவரும் பிறை வடிவில் நிற்பார்கள். பிறையின் இரண்டு நுனிகளே மூலைகள். பிள்ளைகள் கார்னர் என்பார்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. அதைத் தாண்டாமல் திரும்பினால் பாடி வந்தவர் ஆட்டமிழந்தார். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. ஆறு அல்லது ஏழு பேர் களத்தில் இருக்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி மண்ணில் பதிய, மறுகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்போது யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. அந்தக் கால் நீளும் இடம் பெரும்பாலும் மூலைக்காரனின் வாசல்.

அந்தக் கால் நீண்டு, பதிந்து, திரும்புவதற்கு ஆகும் நேரம் கண்ணிமைப்பொழுது. அதற்குள் மூலைக்காரன் தாழ்ந்து பாய்ந்து, இரண்டு கைகளாலும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டுப் போட வேண்டும். ஒரு கணம் முந்தினால் பாடி வந்தவர் காலை இழுத்துக்கொண்டு, குனிந்தவன் முதுகைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு கணம் பிந்தினால் பிடிக்குக் காற்று மட்டுமே. பிடித்தபின்பும் வேலை முடிவதில்லை. பாடி வந்தவர் கபடிச் சத்தம் நிற்காமல் விரலை நடுக்கோட்டுக்கு நீட்டுவார். அதற்குள் பக்கத்தில் நிற்பவர்கள் வந்து விழ வேண்டும். அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவன் பாய்கிறான். வராவிட்டால், தொட்டவர் தப்பினார். பாய்ந்தவன் வெளியே போனான்.

கணுக்கால் பிடி ஒன்றே மூலையின் வேலை என்று நினைப்பவர் உண்டு. தொடைப் பிடி உண்டு. முதுகுப்பக்கம் வந்து இடுப்பைக் கட்டுவது உண்டு. எல்லைக்கு வெளியே தோளால் தள்ளிவிடுவது உண்டு. இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது சும்மா நிற்பது. 30 விநாடியில் 28 விநாடி சும்மா நிற்க வேண்டும். கை அரிக்கும், கூட்டம் கத்தும், பாடி வருபவன் பாதத்தை ஆட்டி ஆட்டி ஆசை காட்டுவான். நின்றுகொண்டே இருப்பவனுக்குத்தான் அந்த ஒரு கணம் வாய்க்கும். எம் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் இந்த 28 விநாடியில் தோற்றுப் போகிறார்கள்.

இருட்டுக்குத் திரும்புவோம். கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியிலிருந்து எண்களைப் படித்தார். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. அதில் பிடிப் புள்ளிகளில் முதன்முதலாக 300-ஐத் தொட்டவர் மஞ்சித் சில்லர். 2010, 2014 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் இருந்தவர். 2015-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2018-இலும் 2019-இலும் தமிழ் தலைவாஸ் சட்டையையே அணிந்து ஆடியதால் எம் பையன்களுக்கு அவர் அந்நியரும் அல்லர். "இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார் மாணவர்.

மஞ்சித் பெரிய ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. எம் தயக்கம் வேறு. அவர் மூலையிலும் நிற்பார். மூலைக்கு உட்புறமான கவர் இடத்திலும் நிற்பார். தேவையென்றால் பாடியும் போவார். வீட்டுக்கு வந்த மூத்த மருமகன்போல எல்லாக் காரியத்திலும் முன்னே நின்றவர். ஆகவே அவர் மூலைக்காரரைவிடப் பெரியவர். மூலைக்காரருள் பெரியவர் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அத்துடன், லீக் கணக்கு வேறு, நாட்டுக்காக நின்ற கணக்கு வேறு. லீக்கின் பிடிப் புள்ளிகளில் பின்பு அவரைத் தாண்டிப் போனவர் ஈரான் நாட்டின் ஃபாசெல் அத்ராச்சலி. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் வாதம் தெஹ்ரானில் போய் முடியும்.

ரவீந்தர் பாகலின் பெயரையும் ஒருவர் சொன்னார். பருந்து என்று பட்டம் பெற்றவர். டெல்லி அணியின் வலது மூலையில் அவர் நின்ற நாள்களில் பாடி வருபவர்கள் அந்தப் பக்கம் போக யோசித்தது மெய்யே. எமக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் பதற்றமாக இருக்கும். அந்த 28 விநாடியை அவர் மதிக்கமாட்டார். பிடித்தால் அரங்கம் அதிரும். தவறினால் அணி ஓர் ஆளை இழக்கும். 2016 உலகக் கோப்பை அணியிலும் அவர் பெயர் இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

எஞ்சியவர்கள் இருவர், அல்லது ஒருவரே என்றும் சொல்லலாம். இடது மூலை சுரேந்தர் நாடா, வலது மூலை மோகித் சில்லர். லீக்கின் தொடக்க ஆண்டுகளில் மும்பை அணிக்கு ஒன்றாக நின்றார்கள். 2015-இல் அந்த அணி கோப்பையை வென்றது. 2016-இல் பெங்களூருக்கும், 2017-இல் அரியானாவுக்கும் ஒன்றாகவே போனார்கள். 2016 ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் மோகித்; 53 லட்சம் ரூபாய். பாடிச் சென்று கைதட்டல் வாங்குபவர் அல்லர், மூலையில் நிற்பவர் அவ்வாண்டின் விலையுயர்ந்த ஆட்டக்காரர் ஆனார்! இரண்டே ஆண்டில் ஃபாசெலுக்கு ஒரு கோடி கொடுத்தார்கள். லீக்கில் கோடியைத் தொட்ட முதல் ஆள் அவர், அவரும் மூலைக்காரர். சந்தைக்குச் சில நேரம் கண் இருக்கிறது.

மோகித்தும் மஞ்சித்தும் ஒரே ஊர்க்காரர்கள். டெல்லியின் ஓரத்தில், அரியானா எல்லையையொட்டி இருக்கும் நிஜாம்பூர் என்னும் சிற்றூர். அந்த ஊரைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எமக்கு மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் நினைவுக்கு வரும். ஏரியும் பறவைகளும் கோதண்டராமர் கோவிலும் வெளியூராருக்குத் தெரிந்த வடுவூர். எமக்குக் கபடி வடுவூர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியச் சிறுவர் அணியில் அவ்வூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். ஓர் ஊரில் ஒருவன் மேலே போனால் தெருவே ஆட்டம் பழகும். அதற்கு நிஜாம்பூரும் சான்று, வடுவூரும் சான்று.

இனி நாடா. எம் தீர்ப்பு அவர் பக்கம் சாய்வதற்கு 2016 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் காரணமாகச் சொல்வோம். அகமதாபாத்தில் அக்டோபர் 7-ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. நாடே திகைத்தது. 22-ஆம் நாள் ஈரானுடன் இறுதியாட்டம். முதல் பாதி முடிவில் இந்தியா 13, ஈரான் 18. பின்பு அஜய் தாக்கூர் எழுந்தார்; மொத்தம் 12 புள்ளிகள் எடுத்தார்; 38-29 என்று இந்தியா வென்றது. தாக்கூரின் பெயரை எல்லாரும் அறிவர். நாம் கேட்பது மறுபக்கத்துக் கணக்கு. முதல் இருபது நிமிடத்தில் 18 எடுத்த ஈரான், அடுத்த இருபது நிமிடத்தில் எடுத்தது 11. அந்தப் பதினொன்றிலும் அவர்கள் எம்மவரைப் பிடித்த புள்ளிகள் அடங்கும். பாடி வந்து பெற்றவை அதனினும் குறைவு. இந்தப் பற்றாக்குறையை உண்டாக்கியது யார்? ஏழு பேரும்தான். ஆனால் பிறையின் நுனிகள் உறுதியாக நின்றால்தான் நடுவில் இருப்பவர்கள் துணிந்து முன்னே வருவார்கள் என்பதை எந்தக் கோட்டு நடுவரும் சொல்வார்.

நாடாவிடம் நாம் கண்ட சிறப்பு அவருடைய குதிகால். அது அசையாது. மற்றவர்கள் பாயும் முன்பு ஒரு குறி காட்டுவார்கள். தோள் இறங்கும், அல்லது கை விரியும். பாடி வருபவர் அதைப் படித்துவிடுவார். நாடாவின் உடலில் படிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. கால் நீண்டது தெரியும். பிறகு அந்தக் கால் அவர் கையில் இருப்பது தெரியும். இடையில் நடந்தது தொலைக்காட்சியில் மெதுவாகப் போட்டுக் காட்டும்போதுதான் விளங்கும். 2017-இல் அடுத்தடுத்த ஆட்டங்களில் ஐந்தைந்து பிடிகளாக அவர் அடுக்கியபோது, பாடி வருபவர்கள் மெல்ல மெல்ல அவர் பக்கமே காலை நீட்டுவதை விட்டார்கள். அப்படி விட்ட கணம் முதல் அவருடைய எண்ணிக்கை குறையும். அவருடைய பயன் கூடும். மாணவரின் கைப்பேசிக்கு அது தெரியாது.

இதற்கு மோகித்தின் பங்கு இல்லையா என்று உபதேசியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மூலையில் வழி அடைபட்டால் ஆட்டம் மறுமூலைக்குப் போகும்; மறுமூலையிலும் அடைபட்டிருந்தால்தான் முதல் மூலையின் பெருமை நிற்கும். மோகித் இல்லாத நாடாவை இவ்வளவு உயர்த்துவோமா என்றால், மாட்டோம். நாடா இல்லாத மோகித்தை அதைவிடக் குறைவாகவே மதிப்போம். ஆகையால் அவருக்கு முதலிடம், இவருக்கு அதே மூச்சில் இரண்டாமிடம்.

இப்போது சேரலாதன். அறுவடை இயந்திர அன்பரின் கோபத்துக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

தர்மராஜ் சேரலாதன் தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர். கல்லணைக்குக் கீழே, பழைய சடையார் கோவில் இருக்கும் ஊர். 1975-இல் பிறந்தவர். 2016 ஜூலையில் அவர் தலைமையில் பாட்னா அணி லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியின் 14 பேரில் அவரும் ஒருவர். தமிழ்நாட்டிலிருந்து அவர் ஒருவரே. அப்போது வயது 41. எம் பக்கத்தில் 41 வயதில் ஆண்பிள்ளைகள் கபடிக் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்கள் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர் 2019-இல், 44 வயதில், அரியானா அணிக்குத் தலைவராக நின்று ஆடினார். மறுபக்கத்தில் பாடி வந்தவர்களில் சிலர், அவர் பந்தயங்களில் ஆடத் தொடங்கிய நாளில் பிறந்தே இருக்கமாட்டார்கள். வடநாட்டுப் பிள்ளைகளும் அவரை "அண்ணா" என்றே அழைத்தார்கள். தமிழ்ச் சொல்லாகவே அது அங்கே வழங்கியது.

2018-இல் மும்பை அணிக்கு அவர் வலது மூலை, ஃபாசெல் இடது மூலை. அந்த ஆட்டங்களை நாம் ஒன்றையும் விட்டதில்லை. ஃபாசெல் வேங்கை போல் பாய்வார். சேரலாதன் பாய்வதேயில்லை. பாடி வருபவர் எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே அறிந்து, அங்கே போய் நிற்பார். ஓடுபவன் வந்து இவர் மேல் முட்டிக்கொள்வான். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் விவசாயி தண்ணீரைத் துரத்துவதில்லை. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நிற்கிறான். அது போன்ற ஆட்டம்.

அப்படியானால் அவர்தானே சிறந்தவர் என்று கேட்கலாம். இல்லை என்றே சொல்வோம். இந்திய அணியின் மூலைகளைக் காத்தவர்கள் என்று இந்தக் காலத்தைப் பற்றி எழுதுவோர் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் நாடாவும் மோகித்துமே. 27, 28 வயதில் சேரலாதன் எத்தகைய மூலைக்காரராக இருந்தார் என்பதை நாடு தொலைக்காட்சியில் பார்க்கவில்லை. லீக் வந்தபோது அவருக்கு வயது 39. அது அவர் குற்றமன்று, காலத்தின் குறை. ஆனால் காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்ல நடுவருக்கு உரிமையில்லை. எம் மண்ணின் மனிதர் என்ற ஒன்றுக்காக அவருக்கு முதலிடம் கொடுத்தால், அவர் 41 வயதில் தேர்வுக்குப் போய், யாருடைய தயவுமின்றி வாங்கிய இடத்தை நாமே தயவுக் கணக்கில் எழுதியதாகும்.

ஆசிரியர் இன்னொரு பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். எம் பிள்ளைகள் மண்ணில் ஆடி வளர்கிறார்கள். பெரிய ஆட்டங்கள் ரப்பர் விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்கால் வழுக்கிக்கொண்டே பிடிக்குப் போகலாம். விரிப்பில் காலணி கவ்விக்கொள்ளும். உடல் முன்னே போகும், பாதம் நின்றுவிடும். மண்ணில் கற்ற மூலைக்காரன் விரிப்பில் இரண்டு ஆண்டு தடுமாறுவான் என்பது அவர் கணக்கு. இந்தத் தடுமாற்றக் காலத்தில்தான் தேர்வுகள் நடக்கின்றன. மேலும், தேர்வு நாளில் பாடிப் போகும் பையன் மூன்று முறை போய்த் தன் திறமையைக் காட்டிவிடலாம். மூலைக்காரன் பக்கம் யாராவது வந்தால்தானே அவன் எதையும் காட்ட முடியும்? நல்ல மூலைக்காரன் பக்கம் யாரும் வருவதில்லை. தேர்வாளர் தாளில் அவன் பெயருக்கு எதிரே எதுவும் எழுதப்படாமல் போகிறது. இரயில்வே, காவல்துறை, வங்கி என்று விளையாட்டு வீரருக்கு வேலை கொடுக்கும் இடங்களுக்கு இப்படித்தான் எம் பக்கத்துப் பையன்கள் பலர் போகாமல் நின்றார்கள்.

இந்த இடத்தில் எம் தங்கை மகனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இருட்டில் அவனும் எம் பக்கத்தில் இருந்தான். வாதத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வயது 22. பதினான்கு வயது முதல் இடது மூலை. நாடாவின் ஆட்டங்களைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றவன்; உட்காருவது, கையைத் தொடையில் துடைப்பது முதற்கொண்டு நாடாவைப் போலவே செய்வான். அதற்கு முந்தைய ஐப்பசியில், வெளியூர்ப் பந்தயம் ஒன்றில் விரிப்பின் மேல் பாய்ந்தபோது இடது முழங்கால் திருகிக்கொண்டது. முழங்காலுக்குள் சிலுவை போல் குறுக்காக ஓடும் ஜவ்வு கிழிந்திருப்பதாக மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். சிலுவை என்ற சொல்லைக் கேட்டதும் எம் தங்கை நெற்றியில் அடையாளம் வரைந்துகொண்டாள். அறுவை செய்தார்கள். ஒன்பது மாதம் களத்துக்குப் போகக்கூடாது என்றார்கள்.

"ஒம்பது மாசம் இல்ல, ஒம்பது வருசம் ஆனாலும் போகக்கூடாது. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றாள் தங்கை. அவள் கணவர் தவறிய பின் அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே ஆண் துணை அவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிடும் என்று அவனுக்கு நம்பிக்கை கொடுத்தவர்களுள் நாமும் உண்டு. ஆகவே அவளுக்கு ஆம் என்று சொல்லவும், இல்லை என்று சொல்லவும் எமக்கு நா எழவில்லை.

மின்சாரம் வந்து எல்லாரும் எழுந்த பிறகு, வீட்டுக்கு நடந்த வழியில் அவன் வாய் திறந்தான்.

"நான் நாடா இல்ல மாமா இனிமே. இந்தக் கால வெச்சுக்கிட்டு அந்தப் பாய்ச்சல் பாய முடியாது. சேரலாதன்தான் பெரிய ஆளு."

"உனக்கு அவர் தேவைப்படுகிறார் என்பதற்காக அவர் பெரியவராகிவிடுவாரா?" என்று கேட்டோம்.

"பாயாம பிடிக்கிறதுக்கு அவரத் தவிர வேற யாருகிட்ட படிக்கிறது?" என்றான்.

அவன் சொன்னது வேறு கேள்விக்கான விடை. யார் சிறந்தவர் என்பது ஒன்று. யாரிடமிருந்து கற்கலாம் என்பது மற்றொன்று. நாடாவின் கையையும் கணத்தையும் யாருக்கும் கற்றுக் கொடுக்க இயலாது. பார்த்து மலைக்கலாம், அவ்வளவுதான். எங்கே நிற்பது என்பதைக் கற்கலாம். எம் தீர்ப்பு நாடாவின் பக்கமே இருந்தது, இன்றும் இருக்கிறது. அவனிடம் அதை மறைக்கவுமில்லை.

இதற்கிடையே நாட்டின் மூலைகளில் ஆட்கள் மாறிவிட்டார்கள். 1990-இல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது முதல் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற இந்தியா, 2018-இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் 33-29 என்று அதே ஈரானை வென்று தங்கத்தை மீட்ட அணியில் வலது மூலைக்கு நிதேஷ் குமார், இடது மூலைக்கு விஷால் பரத்வாஜ் என்று புதிய பெயர்கள். நிதேஷ் 2018 லீக்கில் ஒரே பருவத்தில் 100 பிடிப் புள்ளிகளைத் தொட்ட முதல் தடுப்பாளர். பத்து ஆண்டு கழித்து வாதிடுபவர்கள் இவர்களைப் பற்றி வாதிடட்டும். எமக்கு இன்னும் போதிய ஆட்டங்களைப் பார்த்த நிறைவு வரவில்லை.

தங்கை மகன் ஒன்பது மாதத்துக்குப் பதிலாகப் பதினாறு மாதம் காத்திருந்தான். மார்கழி முழுவதும் விடியலில், பனியில், தனியாக மைதானத்தில் நின்றான். ஓடவில்லை, பாயவில்லை, பக்கவாட்டில் நான்கடி போவதும் வருவதுமாக இருந்தான். பார்த்தவர்கள் கிறுக்கன் என்றார்கள். இவ்வாண்டு மாசிப் பந்தயத்தில் இடது மூலையை விட்டு வலது மூலைக்கு மாறி இறங்கினான். மூன்று ஆட்டங்களில் நான்கு பிடி; ஒன்றுகூடக் கணுக்கால் இல்லை, நான்கும் தொடையும் இடுப்பும். கோட்டு நடுவர் நாற்காலியிலிருந்து அவன் குதிகாலை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை மைதானத்துக்கு வரவில்லை. ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில், வீட்டு வாசலில், முறத்தில் உளுந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த பந்தயம் பங்குனியில், புனித சூசையப்பர் திருநாளையொட்டிப் பக்கத்து ஊரில், மண் களத்தில். அவன் பெயர் கொடுத்திருக்கிறான்.